இடது கைப் பக்கம்

வெங்கிடராமன் ஸ்டுடியோவுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என் ஆத்துக்காரியைப் படமா வரையணும். மேட மாசத்துல அவ போய் முதல் வருஷாப்திகம் வரது. அதுக்குள்ள வேணும்."

"அதுக்கென்ன மாமா, பண்ணிடலாம். ஃபோட்டோ கொண்டு வந்திருக்கேளா?" என்று கேட்டான் சிவசங்கரன்.

"ஃபோட்டோ இல்லை."

"பழசானாலும் சாரமில்லை. செல்லரிச்சிருந்தாக்கூட விசாலம் சரி பண்ணிடுவா."

"ஒண்ணுமே இல்லைடா. அவளை யாரும் எடுக்கல்லை."

"உங்க பிள்ளை பிச்சுமணி கல்யாணத்துல எடுத்தாளே?"

"எடுத்தா. அப்போ அவ அடுக்களையில இருந்தா."

உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு மணப்பெண்ணின் புடவைக் கரைக்கு அரக்குச் சாயம் தொட்டுக்கொண்டிருந்த விசாலாக்ஷியின் கை நின்றது. மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்புறத்துச் சந்தில் இருந்த அந்த ஸ்டுடியோவில் படம் பிடிப்பது சிவசங்கரன், வண்ணம் கொடுப்பது அவன் மனைவி விசாலாக்ஷி. அது ஐம்பத்தெட்டாம் வருஷம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் அவள் கன்னத்துக்கு ரோஜா நிறமும், ஜரிகைக்கு மஞ்சளும், மூக்குத்திக்கு ஒரு துளி வெள்ளையும் வைத்தால் போதும், படத்தில் இருக்கிறவர் இப்போதுதான் குளித்துவிட்டு வந்து நிற்பதுபோல் ஆகிவிடுவார். பெரிய படம் கேட்கிறவர்களுக்குப் புகைப்படத்தைப் பார்த்துத் துணியில் எண்ணெய் வண்ணத்திலேயே வரைந்து கொடுப்பாள். அந்த வட்டாரத்தில் தமிழர் வீடு, கொங்கணி வீடு, குஜராத்தி சேட்டு வீடு என்று எத்தனையோ சுவர்களில் இறந்துபோனவர்கள் அவள் கொடுத்த நிறத்தோடுதான் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் புகைப்படமே இல்லாமல் ஒருவரை வரையச் சொல்லி யாரும் வந்ததில்லை.

அவள் வெளியே வந்தாள். "மாமி எப்படி இருப்பான்னு சொல்லுங்கோ மாமா. முயற்சி பண்ணிப் பாக்கறேன்."

"லக்ஷணமா இருப்பா."

"சரி. முகம் வட்டமா, நீளமா?"

"வட்டம்னு சொல்ல முடியாது. நீளமும் இல்லை."

"மூக்கு?"

வெங்கிடராமன் யோசித்தார். மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மூட்டை எந்தக் கப்பலில் போயிற்று என்று இன்றைக்கும் கேட்டால் சொல்வார். "மூக்கு சாதாரண மூக்குதான்" என்றார் கடைசியில், வெட்கப்பட்டவர் மாதிரி.

அதற்கப்புறம் பல சாயங்காலங்கள் அவர் வந்து உட்கார்ந்தார். விசாலாக்ஷி கரித்துண்டால் வரைந்து காட்டுவாள். அவர் தலையை ஆட்டுவார். அழித்து மறுபடி வரைவாள். ஒருநாள் மகன் பிச்சுமணியும் வெலிங்டன் தீவு ஆபீஸிலிருந்து படகிறங்கி நேரே வந்தான். அம்மாவுக்கு மோவாய் கூர்மை என்றான் அவன். அப்பா இல்லவே இல்லை என்றார். இரண்டு பேரும் பேச்சு முற்றி, கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு" என்றான் சிவசங்கரன். "காலண்டர் லக்ஷ்மி முகத்துக்கு ரெண்டு நரைமுடி வெச்சு, வைரத்தோடைக் கழட்டிட்டுக் குடு. முதல்ல இல்லைம்பா. ஒரு மாசம் சுவத்துல தொங்கினா அதுதான் அம்மா முகம்னு பழகிடும்."

அப்படிப் பழகிவிடும் என்பது விசாலாக்ஷிக்கும் தெரியும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் அறுபது வருஷம் வைத்திருந்த முகத்தைத் தன் கையால் துடைத்துவிட்டு இன்னொன்றை ஒட்டுவதா?

"அவா ஆத்துக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

"அங்கே என்ன இருக்கு பாக்கறதுக்கு?"

"தெரியாது. போனாத்தானே தெரியும்."

அடுத்த நாள் காலையில் ஸ்நானம் செய்து, அதே சந்தின் கோடியில் இருந்த அந்த வீட்டுக்கு மடியாகவே போனாள். ஆண்கள் யாரும் இல்லை. மருமகள் அம்மிணி அடுக்களையில் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கண்ணுக்குக் கீழே சோர்வு கருத்திருந்தது.

"வாங்கோ அக்கா. அம்மா படத்துக்குத்தானே? அம்மா ஜாடையில இங்கே யாரும் இல்லை கேட்டேளா" என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்கத்திலிருந்து உப்பை எடுத்தாள். நெருப்பின் அனலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விசாலாக்ஷி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அடுப்புக்கு இடது பக்கத்தில் புகை படிந்து கறுத்த ஒரு மேடை. கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் சரியாக அதன்மேல் இறங்கியிருந்தது. எண்ணெய் ஊறிய கல்சட்டி ஒன்று, பக்கத்தில் உப்புப் பரணி. பரணியின் பாதி பழுப்பு, பாதி மோர் நிறம். வாய் விளிம்பில் உப்புப் பூத்து வெள்ளையாக ஒரு கோடு. அதற்கடுத்து ரசம் வைக்கிற ஈயச்செம்பு, மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில். வயிற்றில் ஒரு நசுங்கல். கல்சட்டியின்மேல் சாத்தி வைத்த சிரட்டைத் தவி, தேங்காய் ஓட்டு அகப்பை. நாலாக மடித்த ஒரு பிடிதுணி. அவ்வளவுதான். எந்த வீட்டு அடுக்களையிலும் இருக்கிறவைதான். ஆனால் யாரோ இப்போதுதான் கையை எடுத்துவிட்டு எழுந்து போனதுபோல் அவை இருந்தன.

அவள் தவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சிரட்டையின் ஒரு ஓரம் தேய்ந்து சாய்ந்திருந்தது. கலக்குவதுபோல் பிடித்துப் பார்த்தாள். தேய்மானம் கைக்கு ஒத்து வரவில்லை. இடது கைக்கு மாற்றினாள். ஒத்து வந்தது.

"அம்மா இடது கைக்காரியாக்கும்" என்றாள் அம்மிணி, திரும்பிப் பார்க்காமல். "வெளியில யாருக்கும் தெரியாது. பரிமாறறச்சே வலது கை. இங்கே உள்ளே வந்துட்டா எல்லாம் இடது கைதான்."

அன்று சாயங்காலம் வெங்கிடராமன் வந்தபோது விசாலாக்ஷி சொன்னாள்: "மாமா, முகம் நேக்கு வராது. மாமியோட அடுக்களை மேடையை வரைஞ்சு தரேன்."

"சட்டியையும் பானையையுமா?"

"ஆமாம்."

"அதை வரைஞ்சு என்ன பண்ண? அதுதான் ஆத்துலயே இருக்கே."

"முகத்தை நான் பாத்ததில்லை. பாக்காததை வரைஞ்சா அது பொய்யாக்கும். இதைப் பாத்தேன்."

அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "என்னமோ பண்ணு. ஒண்ணும் இல்லாததுக்கு ஏதாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் விசாலாக்ஷியைக் குத்தியது. ஆனால் அவள் தீர்மானம் அசையவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் போனாள். பிச்சுமணி படகுக்குப் போய், கிழவர் நூலகத்துக்குப் போய், சமையல் முடிந்து அம்மிணி அடுப்பை மெழுகும் வேளையில் கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் மேடைக்கு வரும். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு சுவரேறிப் போய்விடும். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான். பாத்திரங்கள் எல்லாம் தினமும் புழங்குகிறவை என்பதால் மேடையில் ஒவ்வொன்றின் அடியையும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தாள். அம்மிணி கழுவித் துடைத்து அந்தந்த வட்டத்துக்குள் வைப்பாள். "தூரிகை என்ன முடி அக்கா?" என்று முதல் நாளே கேட்டாள். "அணில்" என்றாள் விசாலாக்ஷி. பையில் பன்றி முடியும் இருந்தது. அதை அடுக்களையில் வைத்து அவள் சொல்லவில்லை.

முதலில் வரைந்தது அவளுக்கே சிரிப்பை வரவழைத்தது. பரணி பளபளத்தது, செம்பு வெள்ளியாய் ஜொலித்தது. பாத்திரக்கடை விளம்பரப் பலகை மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கன்னங்களுக்கு ரோஜா நிறம் பூசிய கை. எதைத் தொட்டாலும் மெருகேற்றத்தான் அதற்குத் தெரிந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தாள். மறுபடி ஆரம்பித்தாள். கல்சட்டி கறுப்பு இல்லை என்று கண்டுகொள்ளவே பல நாள் ஆயிற்று. அதில் பழுப்பு இருந்தது, பாசி நிறம் இருந்தது, வெளிச்சம் படும் தோளில் கத்தரிப்பூ நிறம்கூட இருந்தது. பரணிக்கும் செம்புக்கும் நடுவே இருந்த இடைவெளிக்கும் ஒரு வடிவம் இருந்தது. அதைச் சரியாகப் பிடித்தால் இரண்டும் தானாக நின்றன.

"கல்யாணப் படமெல்லாம் கறுப்பு வெள்ளையாவே கெடக்கு விசாலம்" என்றான் சிவசங்கரன். "ஆள் வந்து கேக்கறா. நான் என்ன பறையட்டும்?"

"சாயங்காலம் பண்ணித் தரேன்னு சொல்லுங்கோ."

"ஒரு சட்டிக்கு இவ்வளவு நாளா?"

"சட்டிக்கு இல்லை. நேக்கு" என்றாள் அவள்.

ஒரு நாள் வரைந்துகொண்டிருக்கும்போதே அம்மிணி பின்னாலிருந்து பேச ஆரம்பித்தாள். அதுவரை பேசாதவள்.

"உங்களுக்கு அழகா இருக்கு அக்கா. நேக்கு இது தினமும் யுத்தமாக்கும். உப்பு அந்தப் பக்கம், தவி அந்தப் பக்கம், ரசம் அந்தப் பக்கம். நான் வலது கைக்காரி. எது எடுக்கணும்னாலும் நெருப்பைத் தாண்டிக் கை நீட்டணும்."

"மாத்தி வெச்சுக்கக் கூடாதா?"

"அம்மா போன மறுநாளே அப்பா சொல்லிட்டார், அவ வெச்சது வெச்சபடி இருக்கட்டும்னு. எது எங்கே இருக்குன்னு அவருக்குத் தெரியாது. ஆனா சொல்லிட்டாரே. இப்போ நீங்களும் வந்து கோடு போட்டுட்டேள்."

விசாலாக்ஷி மேடையிலிருந்த சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தாள். "சீக்கிரம் முடிச்சுடறேன்" என்றாள். அது பதில் ஆகாது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

செம்புக்கு அன்றைக்குத்தான் முதல் பூச்சு கொடுத்திருந்தாள். மெல்லிய சாம்பல் நிறம், நசுங்கலுக்கு ஒரு நிழல், அவ்வளவுதான். மறுநாள் வந்தபோது மூன்றாவது சுண்ணாம்பு வட்டம் காலியாக இருந்தது. அடுப்புக்கு வலது பக்கத்தில் புத்தம் புது எவர்சில்வர் பாத்திரம் ஒன்று மின்னியது.

"செம்பு எங்கே?"

அம்மிணி அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "காலம்பற பாத்திரக்காரன் வந்தான். பழசுக்குப் புதுசு தரேன்னான். குடுத்துட்டேன்."

"எந்தப் பாத்திரக்காரன்?"

"தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாண்டிக்காரன். சங்கிலிப்பாண்டின்னு பேர். படகு ஜெட்டிப் பக்கம் கடை."

விசாலாக்ஷி வண்ணப் பலகையைக் கீழே வைத்தாள். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. கடைத்தெருவில் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டிகள் வழியை அடைத்திருந்தன. வண்டிக்காரர்கள் ஒரு மாமி வெறுங்காலோடு ஓடுவதைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஜெட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் சங்கிலிப்பாண்டி எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"காலையில ஒரு ஈயச்செம்பு எடுத்தேளே, அரண்மனைக்குப் பின்னாலே. அது வேணும்."

"ஈயமெல்லாம் அப்பப்பவே பூசுறவன்கிட்டப் போயிரும்மா" என்றான் அவன். "பின்னால இருக்கான். கேட்டுப் பாருங்க. இருந்தா எடுத்துக்கிடுங்க, நான் வேற ஒண்ணு போட்டுக்கிடுதேன்."

கொட்டகைக்குப் பின்னால் ஈயம் பூசுகிறவன் துருத்தி மிதித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதைச் சொன்னதும் இடுக்கியால் ஒரு இரும்புக் கரண்டியைத் தூக்கிக் காட்டினான். அதில் ஈயம் உருகி, தண்ணீர் போல் தளும்பியது. யார் வீட்டுப் பித்தளைப் பானையோ பக்கத்தில் கழுவித் தயாராக இருந்தது. பானையைத் தணலில் சுழற்றி, ஈயத்தை ஊற்றி, பஞ்சால் ஒரு வழி வழித்தான். உள்பக்கம் நிலா மாதிரி வெளுத்தது. விசாலாக்ஷி அது முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அம்மிணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காய் பாதி நறுக்கியபடியே கிடந்தது.

"கெடைச்சுதா?"

"உருக்கிட்டா."

அம்மிணி முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். "கோவத்துல குடுத்தேன் அக்கா. அவன் போன பின்னாலே வாசல் வரை போனேன். கூப்பிட வாய் வரல்லை." முகத்தை எடுக்காமலே, "அம்மா என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை" என்றாள்.

விசாலாக்ஷி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மீதிக் காயை நறுக்கினார்கள். அன்றைய வெளிச்சம் அதற்குள் சுவரேறிப் போயிருந்தது.

மற்ற எல்லாம் படத்தில் நாளுக்கு நாள் கனத்து உட்கார்ந்தன. செம்பு மட்டும் முதல் பூச்சோடு நின்றது. பக்கத்து வீட்டு ஈயச்செம்பை வாங்கி வட்டத்தில் வைத்து வரைந்து பார்த்தாள்; அது வேறு செம்பு. நினைவிலிருந்து வரைந்து பார்த்தாள். மறுபடி மெருகு ஏறிற்று, பொய் சொல்லிற்று. டர்பன்டைனைத் துணியில் நனைத்து அதைத் துடைத்தாள். அடியில் அந்த முதல் சாம்பல் பூச்சு, காய்ந்து கெட்டியாகிப்போனது, அப்படியே இருந்தது. அவள் கண்ணால் பார்த்து வைத்தது அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கோடு போடுவதில்லை என்று முடிவு செய்தாள். அழகாக முடிந்திருக்கிறதா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை; பார்த்தது பார்த்தபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தது.

வருஷாப்திகத்துக்கு முதல் நாள் சிவசங்கரன் படத்தைத் துணி சுற்றிச் சுமந்து வந்து கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். திருப்பூணித்துறையிலிருந்து வந்திருந்த உறவுப் பெண்கள் காபி டம்ளரோடு கூடிவிட்டார்கள். துணியை எடுத்ததும் டம்ளர்கள் கீழே இறங்கின.

"மன்னியோட மேடையன்னா இது" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்தத் துணியைப் பாரேன். நாலா மடிச்சு ஓரத்தை உள்ளே விடுவா. யாரு மடிப்பா அப்படி?" என்றாள் மூன்றாமவள்.

வெங்கிடராமன் மட்டும் படத்தின் எதிரில் நின்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது விசாலாக்ஷிக்குப் புரிந்தது. நாற்பது வருஷம் சாப்பிட்டவருக்கு அந்தப் பாத்திரங்கள் பழக்கமில்லை. அவர் இலையில் வந்ததைத்தான் பார்த்தார்.

"அம்மிணி, இது என்ன?" என்று கேட்டார் மெதுவாக.

"கல்சட்டி, அப்பா. உங்களுக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு இதுலதான் வெப்பா."

"இது?"

"தவி."

"ஏன் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு?"

"அம்மா இடது கைக்காரி, அப்பா."

"யாரு சொன்னா? வலது கையாலதானே பரிமாறுவா?"

"உங்க முன்னால வலது கை. அடுக்களையில இடது கை."

பெண்கள் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெங்கிடராமன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அங்கிருந்தே படத்தில் வெறும் சாம்பல் பூச்சாக நின்றதை நோக்கி விரலை நீட்டினார். "இதை ஏன் முடிக்கல்லை?"

விசாலாக்ஷி வாயெடுப்பதற்குள் அம்மிணி முன்னால் வந்தாள். "அது அம்மாவோட ஈயச்செம்பு. எவர்சில்வருக்கு நான் குடுத்துட்டேன், அப்பா. திருப்பிக் கேக்கப் போறதுக்குள்ள உருக்கிட்டா. என் தப்புதான்."

பிச்சுமணி மனைவியை முறைத்தான். கிழவர் கையைக் காட்டி அவனை அடக்கினார்.

"ஏன் குடுத்தே?"

"எட்டல்லை அப்பா. எல்லாம் அந்தப் பக்கத்துல இருக்கு. தாண்டித் தாண்டி எடுத்து..." அவள் முன்கையைத் திருப்பினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பழையதும் புதியதுமாகச் சூட்டுத் தழும்புகள்.

"என்கிட்ட ஏன் சொல்லல்லை?"

"மாத்தக் கூடாதுன்னு சொன்னேளே."

அவர் எழுந்து அடுக்களைக்கு நடந்தார். விசாலாக்ஷி வாசற்படி வரை பின்தொடர்ந்தாள். அவர் மேடைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், படத்தில் பார்த்த வரிசையிலேயே. பிறகு, "நோக்கு எது எங்கே வேணும், சொல்லு" என்றார்.

"நான் வெச்சுக்கறேன் அப்பா, நீங்க போங்கோ."

"சொல்லு."

"உப்பு இந்தப் பக்கம்."

பரணியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயைப் பிடித்துத் தூக்கியதில் கல்லுப்பு மேடையெல்லாம் சிதறிற்று. அவர் நிறுத்தவில்லை. பரணியை வலப்பக்கம் வைத்துவிட்டு, கல்சட்டிக்குத் திரும்பினார். அம்மிணி சிந்திய உப்பைக் கையால் கூட்டி எடுத்தாள். விசாலாக்ஷி மாதக்கணக்கில் காவல் காத்த சுண்ணாம்பு வட்டங்கள் அவர் வேஷ்டி ஓரம் பட்டு அழிந்தன. அவளுக்கு வருத்தமாக இல்லை. அவை இனி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். பாத்திரத்துக்கு மாலை போடுவது உண்டா என்று பிச்சுமணி சந்தேகத்தோடு கேட்டான்.

"வேண்டாம். மறைக்கும்" என்றார் வெங்கிடராமன்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு காலையில் சிவசங்கரன் டார்க்ரூமிலிருந்து வெளியே வந்தபோது, பின்கட்டு ஜன்னல் பலகையில் விரித்த மலையாளப் பத்திரிகைத் தாளின்மேல் மூன்று கத்தரிக்காய்கள் இருந்தன. விசாலாக்ஷி எதிரில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு கேட்டது?"

"யாரும் கேக்கல்லை."

"பின்னே?"

"இந்தக் காம்பைப் பாருங்கோ. பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவுல ஒரு வெள்ளை வரதே, அது நேக்கு இன்னும் வரல்லை."

அவன் குனிந்து பார்த்தான். "சரி. இன்னிக்கு எரிசேரிக்குன்னு நான் வாங்கினது அது."

"வேற ஏதாவது வாங்கிண்டு வாங்கோ. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதைத் தொடக் கூடாது."

"அதுக்குள்ள வாடிடும் விசாலம்."

"வாடட்டும். வாடறதையும் வரையறேன்."

அவள் ஏற்கெனவே தூரிகையை எடுத்துவிட்டாள். சிவசங்கரன் பருப்புத் துவையல் போதும் என்று முனகிக்கொண்டு, மழை வெளிச்சம் இன்னும் கொஞ்சம் உள்ளே வரட்டுமென்று பின்கதவை விரியத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தான்.